சைபர் புள்ளி நாலு

இரவு ஷிப்ட் முடிந்து
நேரே ஆஸ்பத்திரிக்கு வருகிற செவ்வாய்க்கிழமைகளில்
காதோரம் முகக்கவசக் கோடு மறைந்திருக்காது.
அதன் மேலேயே இன்னொன்றை மாட்டிக்கொள்வேன்.

தனேந்திரனை அவன் அப்பா
கொண்டுவந்து விட்டுவிட்டு லோரிக்கு ஓடியிருப்பார்.
"பசியாறினியா?"
"அப்பா மைலோ கலக்கினாரு. கட்டி கட்டியா."

டோக்கன் 2047.
மூன்றாம் மாடி செங்கமலம் அக்கா
வாராவாரம் கேட்டு அனுப்புவார்,
நாலு நம்பர் எடுக்க.
முதலில் கோபம் வந்தது. இப்போது நானே அனுப்பிவிடுகிறேன்.
ஒரு தடவை ஆறுதல் பரிசு விழுந்தது.
பாதியை டிஷ்யூ பெட்டிக்குள் மடித்து வைத்துத் தந்தார்,
பெட்டியைத் திறக்கும்வரை சொல்லவில்லை.

காக் நோரிசாவின் மேசையில்
தனேன் பத்து விரலையும் விரித்து வைப்பான்.
"இது போன வாரம்.
இது பென்சில் பிடிக்க.
இது வேண்டாம், மூக்கு நோண்டணும்."
நான் மலாயில் சொல்லச் சொல்ல
அவர் சிரிக்காமல் கேட்டுக்கொள்வார்.
மோதிர விரல் முடிவாகும்.

சாத்து, டூவா...
தீகா சொல்வதற்குள் குத்திவிடுவார்.
அவனுக்கும் தெரியும்.
தெரிந்தும் ஒவ்வொரு வாரமும்
தீகாவுக்காகக் காத்திருப்பான்.

ஊதா மூடி போட்ட குழாய்,
என் சுண்டுவிரலில் பாதி.
துளித்துளியாய் வழித்து நிரப்புவார்.
பிழியப் பிழிய விரல் வெளுக்கும்.

இன்றைக்குக் கேட்டான்:
"எண்ணி முடிச்சதும்
மிச்சத்தைத் திருப்பித் தருவாங்களா?"

அபா டியா காத்தா, என்றார் காக் நோரிசா.
சொல்லத் தொடங்கினேன்.
பாதியில் என் மலாய் நின்றுபோனது.
மீதியை அவரே புரிந்துகொண்டார் போல.
பஞ்சை வைத்து,
ரத்தம் நின்ற பிறகும்
கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டேயிருந்தார்.

இரண்டு மணி நேரம்.
அங்சானா மரத்து மைனாக்களை எண்ணினான்,
பறந்து போனவற்றையும் சேர்த்து.

டாக்டர் தியோ காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.
0.4.

நான் தூசி எண்ணுகிறவள்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், பதினொரு வருசமாய்,
தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்புக்குள் நின்று
ஒரு கன அடிக் காற்றில் எத்தனை என்று பார்க்கிறவள்.
பத்தைத் தாண்டினால் லைனை நிறுத்துவேன்.
சைபர் வந்தால்
கண்ணாடிக்கு அப்பாலிருந்து சூப்பர்வைசர் கட்டைவிரல் காட்டுவார்.

அதனால்தான் அந்த ஒரு நொடி,
எவரிடமும் சொல்லவில்லை இதை,
கண் பழக்கத்தில்
நல்ல எண் என்று நினைத்துவிட்டேன்.

"முக்காலாவது வேணும்," என்றார் டாக்டர்.
"மருந்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவோம்."

தனேன் நாற்காலியிலேயே குதித்தான்.
இன்றைக்கு மருந்து இல்லை, வாந்தி இல்லை,
சாயங்காலம் கார்ட்டூன்.
அவன் கொண்டாட்டத்தை நிறுத்த மனசு வரவில்லை.
கூடச் சேரவும் கால் வரவில்லை.
"ஒரு வாரத்துக்கு யாரும் வீட்டுக்கு வரக்கூடாது," என்றேன்.
"செங்கமலம் பெரியம்மாவும்?"
"அவங்களும்."
"நம்பர் மட்டும் வரலாமா?"

ராத்திரி திரும்பவும் ஷிப்ட்.
உடுப்பு மாற்றும் அறையில்
ஜேப்பைத் துழாவினால்
பிளாஸ்டரோடு ஒட்டிய பஞ்சு,
நடுவில் மிளகளவு பழுப்பு.
எப்போது போட்டான் தெரியவில்லை.

கேட்டால் தரமாட்டார்கள் என்று
அவனே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

பஞ்சு உள்ளே போகக்கூடாது, நார் உதிரும்.
லாக்கரில், சாப்பாட்டு டப்பா மேல் வைத்துப்
பூட்டினேன்.
பூட்டியதை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

காற்றறையில் கதவு மூடியது.
இரண்டு கையையும் தூக்கி நின்றேன்,
பச்சை விளக்கு எரிந்தும்
இன்னும் கொஞ்ச நேரம்.